தர்மம் பேசி முடியுங்கள், பிள்ளை காத்திருக்கும்

பிணங்கள் நடமாடும் உலகில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கிடையாதா? ‘தி வாக்கிங் டெட்’ தொலைக்காட்சித் தொடரின் இரண்டாம் சீசனில், கைதியைக் கொல்லலாமா கூடாதா என்று பெரியவர்கள் எல்லாரும் கூடி வழக்காடுகிறார்கள். சிறுவன் கார்ல் தனியே காட்டில், சேற்றில் சிக்கிய பிணத்தின் மீது கல்லெறிந்து கொண்டிருக்கிறான். திருடிய துப்பாக்கி வேறு! அந்தப் பிணம் சேற்றிலிருந்து விடுபட்டு வந்து யாரைக் குதறியது? கைதிக்கு இரக்கம் காட்டுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கெஞ்சிய முதியவர் டேலை. அடடா, என்ன நீதி!

அதற்கு முன்பே கூட்டத்துச் சிறுமி சோஃபியா தொலைந்தாள். ஊர்க் காடெல்லாம் தேடினார்கள். அவளோ பக்கத்துத் தொழுவத்தில், நடமாடும் பிணமாக. அப்போதாவது புத்தி வந்ததா? வராது. குழந்தை செத்தால்தானே அடுத்த எபிசோடில் மனசாட்சியைப் பற்றி முணுமுணுக்க முடியும்? 2018-இல் கார்லையும் கொன்றுவிட்டார்கள். திருப்திதானே?