பொம்மைச் சிங்கத்திடம் என்ன குறை?

விடுமுறைக்குக் களியக்காவிளைக்கு வந்திருக்கும் தங்கை மகளுக்கு, சி. எஸ். லூயிஸ் எழுதிய, நார்னியா என்னும் மாய நாட்டுக் கதைகளில் முதலாவதை பிபிசி 1988இல் எடுத்த தொடரைப் போட்டுக் காட்டினேன். சிங்கம் அஸ்லான் ஆட்கள் உள்ளிருந்து இயக்கும் பெரிய பொம்மை. சில விசித்திரப் பிராணிகளைப் படமாக வரைந்தே ஒட்டியிருக்கிறார்கள். உடன் பார்த்த நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். குழந்தை சிரிக்கவில்லை. சிங்கத்தைக் கல்மேடையில் கட்டும் இடத்தில் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நண்பருக்கு அப்போது சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

1985இல் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் 'விக்ரம் ஔர் பேதாள்' வந்தது. எங்கள் தெருவில் இருந்தது ஒரே தொலைக்காட்சி. ஆன்டெனா திருவனந்தபுரத்தைப் பார்த்து நிற்கும். தொடரோ இந்தியில். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு மாமா தமிழில் சொல்ல, மாமி அதையே மலையாளத்தில் சொல்லுவார். வேதாளம் கேள்வி கேட்டதும் மாமா நிறுத்திவிடுவார். "மக்களே, நீங்கள் ராஜாவாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?" திரையில் விக்கிரமன் பதில் சொல்லி முடித்திருப்பான்; திண்ணையில் எங்கள் வழக்கு முடிந்திருக்காது. கணவன் தலையும் இன்னொருவன் தலையும் உடல் மாறி ஒட்டிக்கொண்டால் அந்தப் பெண்ணுக்குக் கணவன் யார் என்று இரவுச் சாப்பாடு வரை சண்டை போட்டிருக்கிறோம்.

11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் இருக்கும் கேள்விகள் அவை. அவற்றுக்கு என்ன செலவு? ஓர் இருட்டுக் காடு, நடக்க ஒருவர், அவர் முதுகில் இன்னொருவர். வேதாளமாக நடித்த சஜ்ஜன் வெள்ளை முடியோடு தொற்றிக்கொண்டு பேசியதே போதும். சுற்றியிருந்த காடு அரங்கம்தான் என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை.

பணம் குறைவான தொடர்களில் நான் மதிப்பது, அவை கதைக்குக் கொடுத்த நேரத்தை. பிபிசி அந்த ஒரு சிறு புத்தகத்துக்கு 6 பகுதிகள் ஒதுக்கியது. நார்னியாவை முதலில் கண்டுவந்த சிறுமி லூசியை அண்ணனும் அக்காவும் நம்ப மறுக்கும் வேதனைக்கு அங்கே இடமிருக்கிறது. 2005இல் வந்த பெரிய திரைப்படமோ, புத்தகத்தில் சில பத்திகளில் முடிந்துவிடும் போரை நெடுநேரம் நடத்துகிறது. குதிரைகளும் கூட்டமும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் லூயிஸ் ஏன் அந்தப் போரைச் சுருக்கினார் என்று யாராவது யோசித்திருக்க வேண்டாமா?

இன்றைய தொடர்களில் கணினி வரைந்த பாம்பு ஒன்று சீறும், ஒரே முகத்தை மூன்று முறை காட்டுவார்கள், அன்றைய பகுதி முடிந்துவிடும். அதைத்தான் மலிவு என்பேன். எங்கள் நாகர்கோவில் பக்கத்துக் கள்ளியங்காட்டு நீலியை எத்தனை முறை வெறும் பேயாக்கிவிட்டார்கள்! பழையனூர் நீலி கதையிலோ நீலி, 'இவன் என் கணவன்' என்று எழுபது வேளாளர் முன் நின்று வழக்காடுகிறாள். அந்த வழக்கை மட்டும் நல்ல வசனத்தோடு ஆறு பகுதியாக எடுங்கள். பத்து நடிகர்களும் ஓர் ஆலமரமும் போதும்.

நாளை பிபிசியின் இன்னொரு நார்னியாத் தொடரான 'வெள்ளி நாற்காலி' தொடங்குகிறோம், 1990இல் வந்தது. எதிலும் கெட்டதையே எதிர்பார்க்கும் சதுப்புநில ஆசாமியாக டாம் பேக்கர் நடித்தது. நண்பரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.