சுகர் மினாட்டின் பெரிய சாதனை அவர் பாடிய பாட்டு அல்ல

ஜமைக்காவின் இசை வகையான ரெகே என்றதும் பாப் மார்லியின் பெயரோடு பேச்சை முடித்துக்கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. 1956இல் ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் பிறந்து 2010இல் 54 வயதில் மறைந்த ரெகே பாடகர் சுகர் மினாட்டைப் பற்றி நம் மொழியில் எவரும் எழுதி நான் பார்த்ததில்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சிறுவயதில் ஆஃப்ரிக்கன் பிரதர்ஸ் என்ற மூவர் குழுவில் பாடிய மினாட், பிறகு இசைத் தயாரிப்பாளர் காக்ஸன் டாடின் ஸ்டூடியோ ஒன் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே பழைய ஒலிநாடாக்களில் தூங்கிக்கொண்டிருந்த பின்னணி இசைகளை, அதாவது ஜமைக்காக்காரர்கள் ‘ரிடிம்’ என்று சொல்வதை, எடுத்து அவற்றின் மேல் புதிய மெட்டையும் சொற்களையும் வைத்துப் பாடினார். ‘மிஸ்டர் டிசி’ (டிசி என்றால் டிஸ்ட்ரிக்ட் கான்ஸ்டபிள், உள்ளூர்க் காவலர்) பாடலைக் கேளுங்கள். அதன் அடியில் ஓடுவது தி டெனர்ஸ் குழு அறுபதுகளில் பாடிய ‘பிரஷர் அண்ட் ஸ்லைடு’ பாடலின் ரிடிம். அன்று ஆட்டத்துக்குரியதாக இருந்த அதே பேஸ் கிட்டாரின் மேல், கஞ்சாப் பையோடு நாட்டுப்புறத்திலிருந்து வரும் ஓர் ஏழை, வழிமறித்த காவலரிடம் வீட்டில் பிள்ளைகள் பசியோடு இருப்பதைச் சொல்லி மன்றாடுகிறான். மினாட் அதைக் கோபமாகப் பாடவில்லை. கெஞ்சலும் தன்மானமும் கலந்த மெல்லிய குரலில் பாடுகிறார். எண்பதுகளில் ரெகேயிலிருந்து கிளைத்த டான்ஸ்ஹால் இசை வளர்ந்தது, பழைய ரிடிமின் மேல் புதுப் பாட்டை வைக்கும் இந்த முறையின் மேல்தான்.

மைக்கேல் ஜாக்சன் சிறுவனாகப் பாடியிருந்த ஒரு காதல் பாட்டை மினாட் 1981இல் ரெகேயாகப் பாட, அது பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம் வரை சென்றது. பலரும் அவரை நினைவில் வைத்திருப்பது அதற்காகத்தான். எனக்கு அது அவருடைய வாழ்க்கையில் ஒரு சிறிய செய்தியாகவே படுகிறது.

பிளாக் ரூட்ஸ் என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனத்தோடு யூத் புரமோஷன் என்ற அமைப்பையும் அவர் நடத்தினார். பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கித் தெருவில் ஆட்டம் நடத்தும் சவுண்ட் சிஸ்டமாகவும், ஏழைக் குடியிருப்புகளின் பிள்ளைகள் மைக்கைப் பிடித்துப் பழகும் பள்ளியாகவும் அது இருந்தது. தாம் முன்னேறிய பிறகு கதவைச் சாத்திக்கொள்ளும் கலைஞர்களையே அதிகம் பார்த்த நமக்கு, தம் பெயருக்குக் கூடும் கூட்டத்தின் முன்னால் பெயரில்லாத பையன்களை நிறுத்திய இந்த மனிதரை அறிந்துகொள்வது அவசியம் என்று நினைக்கிறேன். பின்னாளில் பிளாக் உஹுரு என்ற ரெகே குழுவின் முதன்மைப் பாடகரான ஜூனியர் ரீட், 1988இல் இளவயதிலேயே இறந்துபோன டெனர் சா, யாமி போலோ ஆகியோர் அந்த மைக்கின் முன்னால் நின்றவர்கள்.