பெண் எடுப்போம், கொடுக்க மாட்டோம்

அந்தக் காலத்து ராஜாக்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்துச் சண்டை சச்சரவு இல்லாமல் வாழ்ந்தார்கள் என்று நானும் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். எகிப்தின் அமர்னாவில் 1887-இல் கிடைத்த களிமண் பலகைக் கடிதங்களின் மொழிபெயர்ப்பைப் படித்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது. நம் ஊர் சம்பந்தி சண்டையெல்லாம் இதன் பக்கத்திலேயே வராது.

காலம் கி.மு. 14-ஆம் நூற்றாண்டு. எகிப்தை ஆண்ட மூன்றாம் அமென்ஹோத்தெப், பாபிலோன் அரசன் கதஷ்மன் என்லிலின் மகளைக் கேட்கிறான். அந்தப் பாபிலோன் அரசனின் சகோதரி ஏற்கெனவே எகிப்து அந்தப்புரத்தில்தான் இருக்கிறாள். ‘என் அப்பா உனக்குக் கொடுத்த பெண் இருக்கிறாளா, செத்தாளா? யாருமே பார்க்கவில்லையே’ என்று பாபிலோன்காரன் கேட்கிறான். நியாயம்தானே? வந்த பதிலைப் பாருங்கள்: அவளை அடையாளம் தெரிந்த ஓர் ஆளையாவது நீ அனுப்பினாயா? கூடவே ஒரு குத்தல், பக்கத்து ராஜாக்களிடம் பொன் வாங்கத்தானே பெண்களைக் கொடுக்கிறாய் என்று.

சரி, உன் மகளை எனக்குக் கொடு என்று பாபிலோன்காரன் கேட்டால், ஆதிகாலம் தொட்டு எகிப்து ராஜாவின் மகளை யாருக்கும் கொடுத்ததில்லையாம். இதற்கு அவன் சொன்ன யோசனை இன்னும் மோசம். அழகான பெண் யாரையாவது உன் மகள் மாதிரி அனுப்பு, ராஜா மகள் இல்லை என்று யார் சொல்லப்போகிறார்கள் என்கிறான்! கடிதத்துக்குக் கடிதம் ‘சகோதரனே’ என்றுதான் விளிப்பார்கள். ஆனால் யார் மேலே, யார் கீழே என்பது பெண் எந்தப் பக்கம் போகிறாள் என்பதிலேயே தெரிந்துவிடுகிறது. வருகிறவள் யார் என்பது இரண்டு பேருக்குமே பொருட்டில்லை. சகோதரியைப் பற்றிய அந்தக் கேள்வியில் கொஞ்சம் பாசம் இருந்திருக்கும் என்று நினைத்தேன். இப்போது அதிலும் எனக்குச் சந்தேகம்தான், ஏனென்றால் கடைசியில் அவன் மகளையும் கொடுக்க ஒப்புக்கொண்டான். பெண் வயதுக்கு வந்துவிட்டாள், அழைத்துப்போக ஆள் அனுப்பு என்று அவனே எழுதினான்.

சிரியாவின் வடக்கே இருந்த மித்தானி நாட்டுக் கதையும் இதேதான். அரசன் துஷ்ரத்தாவின் சகோதரி கிலுஹெபா 317 பெண்கள் புடைசூழ அமென்ஹோத்தெப்புக்கு மனைவியாக எகிப்துக்கு வந்தவள். அவளுக்குப் பிறகு அவன் மகள் ததுஹெபாவும் அங்கேயே வந்தாள். சீர்வரிசைப் பட்டியல் மட்டும் பலகை பலகையாக நீள்கிறது. வயதான அமென்ஹோத்தெப் இறந்ததும் அவள் அவன் மகன் அக்நாதனுக்கு மனைவியானாள். துஷ்ரத்தாவுக்கு அதில் வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அவன் மனக்குறையே வேறு: பெரியவர் வாக்குக் கொடுத்தது கெட்டித் தங்கச் சிலைகள், மகன் அனுப்பியதோ தங்கத் தகடு போர்த்திய மரச் சிலைகள். இதை அக்நாதனின் தாய் தியேவுக்கும் எழுதிப் புலம்புகிறான். அந்தக் கடிதத்தின் தொடக்கத்தில், என் மகள், உன் மருமகள் ததுஹெபா நலமாக இருக்கட்டும் என்று ஒரு வரி வருகிறது. அப்புறம் சிலைப் பேச்சுதான்.