பின்னதிர்வு என்றால் சின்னது என்று யார் சொன்னது?

நிலநடுக்கச் செய்தி என்றால் கடைசியில் "பின்னதிர்வுகள் தொடர்கின்றன" என்று ஒரு வரி இருக்கும். பெரியது வந்து போய்விட்டது, இனி வருவதெல்லாம் சில்லறை என்றுதான் அந்த வார்த்தை நம் காதில் விழுகிறது. கூட்டணி உடைந்தாலும் பங்குச் சந்தை சரிந்தாலும் நாம் அதே அர்த்தத்தில்தான் எழுதுகிறோம். இந்த அர்த்தம் ஆட்களைக் கொல்லும் என்று நான் நினைக்கிறேன்.

ஜப்பானில் குமமோட்டோ என்ற ஊர்ப்பக்கம் 2016 ஏப்ரல் 14 இரவு 6.5 அளவில் நிலம் ஆடியது. பதறி ஓடிய ஜனங்களில் பலர், இனி பின்னதிர்வுதானே என்று மறுநாள் வீடு திரும்பினார்கள். 16ஆம் தேதி அதிகாலை ஒன்றரை மணிவாக்கில் 7.3 வந்தது. அதுதான் முதன்மை அதிர்வு, முதலில் வந்தது வெறும் முன்னதிர்வு என்று பெயரையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று. திரும்பிப் போனவர்களில் சிலர் அந்த வீடுகளுக்குள்ளேயே இறந்துபோனார்கள். அதன் பிறகு ஜப்பான் வானிலை ஆய்வு நிறுவனம், பெரிய நிலநடுக்கத்தை அடுத்து விடும் எச்சரிக்கைகளில் பின்னதிர்வு என்ற சொல்லையே தவிர்க்க ஆரம்பித்தது. இதே அளவு குலுக்கல் மறுபடியும் வரலாம், ஒரு வாரமாவது கவனமாக இருங்கள் என்று நேரடியாகச் சொல்கிறார்கள். ஒரு சொல் தப்பான தைரியத்தைக் கொடுக்கிறது என்று தெரிந்ததும் அதைக் கைவிட்டார்களே, அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நேபாளத்திலும் பார்த்தோம். 2015 ஏப்ரல் 25இல் 7.8. பதினேழு நாள் கழித்து, மே 12 பட்டப்பகலில் 7.3. முதல் அடியில் விரிசலோடு தப்பிய வீடுகள் இரண்டாவதில் உட்கார்ந்துவிட்டன. இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள்.

ஒமோரி என்ற ஜப்பானிய விஞ்ஞானி 1894இலேயே இதற்கு ஒரு கணக்கு போட்டார். நாள் போகப் போகப் பின்னதிர்வுகளின் எண்ணிக்கை குறையும். முதல் நாள் நூறு வந்தால் பத்தாம் நாள் பத்து வரும், ஏறத்தாழ அப்படி. ஆனால் குறைவது எண்ணிக்கைதான். அடுத்து வருவது இதைவிடச் சின்னதாகத்தான் இருக்கும் என்று அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. அபூர்வமாக வரும் ஒன்று, வரும்போது பெரிதாகவே வரலாம்.

இதைப் படித்தபோது எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. அப்பா இறந்து பதினாறாம் நாள் வரை வீடு நிறைய ஆட்கள். அம்மா வருகிறவர்களிடமெல்லாம் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "தைரியமா இருக்காங்க, இனி கவலையில்ல" என்று சொல்லிவிட்டு எல்லோரும் கிளம்பினார்கள். நானும்தான். எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. ஓடிபி அப்பா நம்பருக்குத்தான் வரும். அந்தப் பழைய பட்டன் போனை அம்மா தினமும் சார்ஜ் போட்டு சாமி அலமாரியில் வைத்திருந்தார். அன்று ஓடிபி வரவில்லை. ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் சிம் நின்றுபோயிருந்தது. சிலிண்டர் கொண்டுவந்த தம்பி பாவம், ஒன்றும் தெரியாமல், "யார் நம்பர்மா இது, அவரைக் கூப்பிடுங்க" என்றார். அம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அப்பா கிடந்த அன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அன்று வீட்டில் நான் மட்டும்தான், அதுவும் தற்செயலாக லீவில் வந்திருந்தேன்.

பத்திரிகையில் இருக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை அந்தக் கடைசி வரியோடு, "இதே அளவுக்கு மறுபடியும் வரலாம், விரிசல் விட்ட வீட்டுக்குள் போகாதீர்கள்" என்று சேர்த்து எழுதுங்கள். இடம் போதவில்லை என்றால் வேறு எதையாவது எடுத்துவிடுங்கள், பரவாயில்லை.

அம்மாவுக்கு இப்போது எங்கள் சித்தி வாரத்துக்கு இரண்டு தடவை போன் செய்கிறார். துக்கம் எதுவும் பேசுவதில்லை. இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்பார், அரை மணி நேரம் ஓடிவிடும்.