ஓம், போஸ்டர் அடிக்கிற வேலைதான்

நேற்றிலிருந்து என் டைம்லைன் முழுக்க அந்த அண்ணையின் பதிவுதான். லிங்க் தேவையில்லை, எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். "கின்சி வீதியில் ஒரு கட்டடம், வேலை போஸ்டர் அடிப்பது" என்று கொழும்பில் இருக்கிற, சுகாதார அமைச்சின் சுகாதார மேம்பாட்டுப் பணியகத்தை நக்கலடித்தது. அதற்கு எத்தனை சிரிப்புகள்!

ஓம் அண்ணை, போஸ்டர்தான். நோய் வராமல் இருக்கச் சொல்லிக்கொடுப்பதும் வேலைதான்.

என் அம்மா மிட்வைஃப். அந்தப் போஸ்டரில் இருப்பதை வீடு வீடாய்ப் போய்ச் சொல்கிறவ. கர்ப்பிணியைப் பார்க்கப் போகும் வீட்டில் பிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து, தண்ணீர் வடியும் தட்டை இழுத்து, நெளிகிற நுளம்புப் புழுவைக் காட்டுவா. "ஊத்தினால் காணாது பிள்ளை, தேய்ச்சுக் கழுவு. முட்டை ஓரத்தில ஒட்டியிருக்கும், காய்ஞ்சாலும் சாகாது." ஒரு வீட்டில், "பிள்ளைத்தாச்சியைப் பார்க்க வந்தனீயோ, குப்பையைப் பார்க்க வந்தனீயோ?" என்று கேட்டிருக்கிறார்கள். அதை எங்களுக்குச் சிரித்துக்கொண்டுதான் சொன்னா. எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரவில்லை.

காசு வீணாகவில்லையா என்பீர்கள். ஆகிறது. பனரில் நுளம்பைவிட அமைச்சரின் முகம் பெரிதாக இருக்கும். தமிழில் வரத் தாமதமா? ஓம், நானும் திட்டியிருக்கிறேன். சரி, விடுங்கள்.

ஆனால் "இதெல்லாம் சனத்துக்குத் தெரியும்" என்கிறீர்களே, அதுதான் தாங்கவில்லை. தெரிந்த சனத்துக்குத்தானா 2017இல் 186,000க்கு மேல் டெங்கு வந்தது? 1963இல் இலங்கை முழுக்க மலேரியா 17 பேருக்குத்தான். இனி என்ன என்று தடுப்பு வேலையில் கை தளர்ந்தது. 1969இல் 5 இலட்சம் தாண்டியது. சின்னமுத்தை (மீசில்ஸ்) ஒழித்துவிட்டோம் என்று 2019இல் சான்றிதழ் வாங்கினோம், 2023இல் அது திரும்பி வந்தது. சொல்வதை நிறுத்த முடியாத வேலை அண்ணை இது. ஒருதரம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது.

பப்பாசி இலைச் சாறு குடித்தால் டெங்கு பறந்துவிடும் என்ற யூடியூப் வைத்தியரை நீங்கள்தானே போன மாதம் பகிர்ந்தீர்கள்? அவருக்குச் சிரிப்புக் குறி இல்லை, கும்பிடு. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்று கிளினிக்குக்குப் போன மிட்வைஃப்மாருக்கு மட்டும் நக்கல்.

அம்மாவும் அந்தப் பதிவைப் பார்த்துவிட்டா. சிரிப்புப் போட்டவர்களில் இரண்டு பேர், அவ வீடு தேடிப் போய்த் தடுப்பூசிக்கு இழுத்துவந்த பிள்ளைகள். பெயர் போடவில்லை. அவவே வேண்டாம் என்றுவிட்டா.