விண்வெளியின் வெப்பநிலை மைனஸ் 273 டிகிரியா?

"விண்வெளியின் வெப்பநிலை மைனஸ் 273.15 டிகிரி, அதாவது தனிச்சுழி. அங்கே வெப்பம் துளிகூடக் கிடையாது" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. (தனிச்சுழி என்பது அதற்குக் கீழே எதுவும் குளிர முடியாத எல்லை; அதைச் சுழியமாக வைத்து எண்ணும் அளவுதான் கெல்வின்.)

விண்மீன்களின் ஒளி ஏறக்குறைய எட்டாத தொலைவில் ஒரு பொருளை விட்டுவைத்தால், அது மெல்ல மெல்லக் குளிர்ந்து கடைசியில் சுமார் 2.7 கெல்வினில் வந்து நிற்கும். செல்சியஸில் மைனஸ் 270.4. அதற்குக் கீழே தானாக இறங்காது. காரணம், பிரபஞ்சம் முழுக்க நிரம்பியிருக்கும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு. பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்து, ஏறத்தாழ 3,000 கெல்வின் சூட்டில் கிளம்பிய ஒளி அது. பிரபஞ்சம் விரிய விரிய அதன் அலைநீளமும் நீண்டு, இப்போது நுண்ணலையாகிவிட்டது. ஒவ்வொரு கன சென்டிமீட்டர் வெற்றிடத்திலும் அதன் ஒளித்துகள்கள் சுமார் 400 இருக்கின்றன. இதை எப்படி "ஒன்றுமில்லை" என்று சொல்ல முடியும்?

இது ஊகமும் இல்லை. 1964இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் என்ற இரு வானியலாளர்கள் ரேடியோ ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓயாத ஓர் இரைச்சல் வந்தது. உள்ளே கிடந்த புறா எச்சத்தைக்கூடச் சுத்தம் செய்து பார்த்தார்கள், போகவில்லை. அந்த இரைச்சல்தான் இந்தப் பின்னணிக் கதிர்வீச்சு. 1978இல் அதைக் கண்டுபிடித்ததற்குத்தான் அவர்களுக்கு நோபல் பரிசு. 1989இல் நாசா ஏவிய கோபே செயற்கைக்கோள் அதன் வெப்பநிலையைத் துல்லியமாக அளந்தது: சுமார் 2.73 கெல்வின்.

அப்புறம், விண்வெளி முழுக்க ஒரே வெப்பநிலை என்பதும் சரியில்லை. விண்மீன் மண்டலக் கொத்துகளில் பரவியிருக்கும் வாயு கோடிக்கணக்கான டிகிரியில் கொதிக்கிறது. பூமராங் நெபுலா என்ற வாயு மேகத்திலோ, வாயு வேகமாக விரிவதால் அந்த 2.7 கெல்வினுக்கும் கீழே, சுமார் 1 கெல்வின் வரை குளிர்ந்திருக்கிறது. நமக்குத் தெரிந்து இயற்கையில் மிகக் குளிர்ந்த இடம் அதுதான். அங்கேயும் தனிச்சுழி இல்லை.