மளிகைக்காரன் என்றால் அவ்வளவு இளக்காரமா?

ஞாயிற்றுக்கிழமை வாசகர் கூடுகையில் நடந்தது வந்திருந்த எல்லோருக்கும் தெரியும் என்பதால் முழுவதையும் திரும்பச் சொல்லவில்லை. டோல்கீனின் 'தி ஹாபிட்' நாவலின் நாயகன் பில்போ பேகின்ஸுக்குத் திருட்டுத் தொழில் தெரியாது, அணிந்தவரைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் அந்த மாய மோதிரத்தைக் கழற்றிவிட்டால் அவன் வெறும் மளிகைக்காரன்தான் என்று நண்பர் தீர்ப்பு வழங்கினார். அறை முழுவதும் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். மூன்று நாளாக உறுத்துவது அதுதான்.

'தி ஹாபிட்' கதையின் தொடக்கத்திலேயே குளோயின் என்ற குள்ளர் இதே மளிகைக்காரன் ஏளனத்தைச் செய்கிறார் என்பதும், கதை நகர நகர அந்த வாயே அடைத்துப்போகிறது என்பதும் நண்பருக்குத் தெரியாததல்ல. இருந்தும் முதல் அத்தியாயத்துக் கேலியையே கடைசி வரைக்குமான முடிவாக எடுத்துக்கொள்கிறார். டிராகனிடம் பறிகொடுத்த புதையலை மீட்க ஒரு திருடன் வேண்டும் என்று, பதினான்கில் ஒரு பங்கு கூலிக்கு ஒப்பந்தம் பேசிப் பில்போவை அழைத்துப்போனவர்களே பிறகு அவனை நம்பிப் பிழைத்தார்கள். நமக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

நான் சொல்வது ஒன்றுதான். மோதிரம் உடலை மறைக்கும், திருடக் கற்றுக்கொடுக்காது. மோதிரம் ஓசையை மறைக்காது, வாசனையை மறைக்காது, வெயிலில் விழும் நிழலைக்கூட முழுவதும் மறைக்காது. ஸ்மாக் என்ற அந்த டிராகன் பில்போவைக் கண்ணால் காணாமலேயே மூக்கால் கண்டுகொண்டது. எல்ஃப் என்ற வனவாசி இனத்தின் அரசன் சிறையிலிருந்து குள்ளர்களைப் பீப்பாய்களில் அடைத்து ஆற்றுவழியே தப்பவைத்த பிறகு, ஆற்றங்கரைச் சிற்றூரில் ரொட்டியும் பணியாரமும் மதுவும் எடுக்கப் போனவனை ஈரக் காலடியும் தும்மலும் காட்டிக்கொடுத்தன. மோதிரமே எல்லாம் செய்யும் என்றால் அந்தத் தும்மலை அது ஏன் தடுக்கவில்லை என்று நண்பர்தான் விளக்க வேண்டும்.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் கள்வருக்குத் துணையாகும் எட்டு சொல்லப்படுகின்றன: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. (சொல்பவன் பொற்கொல்லன், சிலம்பைத் திருடியவனும் அவனே என்பதால் விஷயம் தெரிந்தவன் வாக்கு என்றே கொள்ளலாம்.) மோதிரத்தை அதில் கருவி என்று வைத்துக்கொண்டாலும் மீதி ஏழு இருக்கின்றனவே. கன்னக்கோல் வைத்திருந்தவனை யாராவது "கோல்தான் திருடியது, நீ சும்மா பிடித்துக்கொண்டிருந்தாய்" என்று சொல்லி விடுதலை செய்திருக்கிறார்களா?

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் மளிகைக் கடைக்காரர். கடையில் கல்கண்டு இருந்தது தகர மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில். அந்த மூடியைத் திருகினால் கீச்சென்று ஒரு சத்தம் வரும். ஒன்பது வயதில் நான் கண்டுபிடித்த வழி இது: அப்பா படிக்கல்லைத் தராசுத் தட்டில் வைக்கும் அந்த ஒரு நொடியில், உள்ளங்கையால் மூடியை அழுத்திக்கொண்டே கால் சுற்று திருக வேண்டும், அடுத்த படிக்கல்லுக்கு இன்னொரு கால் சுற்று. மாயமும் இல்லை, மோதிரமும் இல்லை. ஆனாலும் அன்று மாலையே அப்பா பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "ரெண்டு விரற்கடை குறையுதே" என்றார். டிராகன்களுக்குத் தங்கள் செல்வத்தின் எடை அணுவளவும் தெரியும் என்று கதையில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மலைபோல் குவிந்த பொன்னில் இரண்டு கைப்பிடிக் கிண்ணம் ஒன்று குறைந்ததை ஸ்மாக் கண்டுபிடித்ததில் எனக்கு வியப்பில்லை. அப்படிப்பட்ட ஒன்று தூங்கும்போது அதன் பக்கத்தில் போய்க் கிண்ணத்தைத் தூக்கிவந்தவனைத்தான் திருடன் இல்லை என்கிறீர்கள்.

வழியில் டிரோல் என்ற அரக்கர்களிடம் அகப்பட்டானே என்பீர்கள். அகப்பட்டான். அப்போது அவனிடம் மோதிரமே கிடையாது என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறீர்கள். காட்டில் சருகு சலசலக்காமல் நெருப்பருகே போய், அவ்வளவு பெரிய உருவத்தின் சட்டைப்பையில் கைவிட்டுப் பணப்பையை வெளியே எடுத்தும்விட்டான். பணப்பை வாய்திறந்து பேசும் என்று எந்தத் திருடன் எதிர்பார்ப்பான்? ஆபத்தென்றால் ஆந்தைபோல் கூவு என்று குள்ளர்கள் சொல்லியனுப்பியும் அவனுக்குக் கூவத் தெரியாது என்பது உண்மைதான், அதை விட்டுத்தருகிறேன்.

அந்த மோதிரமே குகை இருட்டில் வாழும் கொல்லம் என்ற பிராணியிடம் திருடியதுதானே என்று அதே நண்பர் தேநீர் இடைவேளையில் கேட்டார். திருடத் தெரியாது என்று பதினைந்து நிமிடம் பேசியவர் கேட்கும் கேள்வி இது! 1937 முதற்பதிப்பில் கொல்லம் மோதிரத்தை விடுகதைப் பந்தயப் பரிசாகவே தர ஒப்புக்கொண்டு, அது காணவில்லை என்றதும் மன்னிப்புக் கேட்டு வழிகாட்டி அனுப்புகிறது. 1951 பதிப்பில்தான் டோல்கீன் அதை மாற்றி எழுத, கொல்லம் "திருடன்" என்று அலறுகிறது. எந்தப் பதிப்பை வைத்துக்கொண்டு வழக்காடுவது என்பதையாவது முதலில் முடிவுசெய்துகொள்ளலாம்.

எனக்குப் பிடித்த திருட்டு கிண்ணமல்ல, சாவிக்கொத்து. எல்ஃப் அரசனின் குகை மாளிகையில் நாள்கணக்காக ஒளிந்து திரிந்து, பதின்மூன்று குள்ளர்களும் அடைபட்ட அறைகளைத் தேடியறிந்து, மது அருந்திக் காவலர் தலைவன் உறங்கும் வேளை பார்த்துச் சாவியை எடுக்கிறான். எல்லோரையும் அறைகளிலிருந்து விடுவித்த பிறகு, கைதிகளிடம் நல்லவிதமாக நடந்துகொண்ட அந்தக் காவலனுக்கு வரப்போகும் சங்கடம் கொஞ்சமாவது குறையட்டும் என்று சாவியைத் திரும்பக் கொண்டுபோய் அவன் இடுப்பிலேயே மாட்டிவிடுகிறான். எந்த மோதிரம் இதைச் சொல்லிக்கொடுத்தது? கணக்கு முடிக்கும்போது கல்லாவில் கூடுதலாக இருந்த காசை யாருடையது என்று தேடிப்போய்க் கொடுத்துவிட்டு வரும் மளிகைக்காரனின் புத்தி அது. என் அப்பா அப்படிப் போய்க் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"கதைப் பாத்திரத்துக்காக இவ்வளவு கோபமா?" என்று இதற்குக் கீழே எழுத வருபவர்களுக்கு: ஆமாம். பொட்டலம் மடிக்கிற வீட்டுப் பையனுக்கு இலக்கியம் எதற்கு என்று முன்பு வேறோர் இடத்தில் கேட்டவரும் இதே மாதிரிதான் சிரித்தார். நண்பர் அதை மனத்தில் வைத்துச் சொல்லவில்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் வலிக்கிறது.

அடுத்த ஞாயிறும் வருகிறேன். பேசுவதற்கு முன் சாவிக்கொத்துத் திருட்டு வரும் ஒன்பதாம் அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு வாருங்கள். கல்கண்டு நான் கொண்டுவருகிறேன், இந்த முறை காசு கொடுத்து வாங்கியது.